இடப்பக்கம் சுழலும் துப்பாக்கி

"பாஸ், நான் ரோடியோவுல காளைக்கு முன்னாடி டான்ஸ் ஆடினவன். ஆனா இந்த ஆபீஸ் காபியைக் குடிக்கிற தைரியம் எனக்கு வரல."

நெஸ்டர் ஒலிவாஸ் கோப்பையைத் தள்ளி வைத்தான். டெல்மா ரக்கர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாட்டுத் திருடர்களை இருபது வருஷம் விரட்டிப் பிடித்துவிட்டு, ஓய்வு பெற்றபின் தனியாகத் துப்பறியக் கிளம்பியவள் அவள். நெஸ்டரோ, ரோடியோ என்ற காளைச் சவாரிப் போட்டியில், காளை தள்ளிவிட்ட வீரனிடமிருந்து காளையின் கவனத்தைத் திருப்பும் கோமாளியாக இருந்தவன். முழங்கால் போனபின் அவளிடம் வந்து சேர்ந்தான். சிரிப்புக் காட்டும் வழக்கம் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

மேஜைக்கு அந்தப்புறம் ஷெரீஃப் ஹேட்லி ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு அதற்குள் ஆறு சிறு வட்டம் போட்டார். ரிவால்வரின் உருளை. ஆறு தோட்டாவுக்கு ஆறு அறை.

"நல்லாப் பாத்துக்கோ டெல்மா. முதல்ல வெடிச்சது ஈயக் குண்டு. அதுதான் ராய்ஸைக் கொன்னது. அடுத்து வர வேண்டிய ரெண்டும் ஈயக் குண்டு. அதுக்குப் பின்னாலதான் ரெண்டு பாம்புத் தோட்டா. கடைசி அறை காலி."

டெக்சாஸின் மேற்குக் கோடியில் அந்தப் படத்துக்கு விளக்கம் யாருக்கும் தேவையில்லை. வெயில் காலம் பிறந்துவிட்டால் பண்ணைக்காரன் எவனும் துப்பாக்கியில் முதல் இரண்டு தோட்டாவைப் பாம்புக்கென்றே ஒதுக்கிவிடுவான். குண்டுக்குப் பதில் கடுகளவு ரவை நிரப்பி, நீல மூக்கு வைத்த தோட்டா அது. பத்தடிக்குள் கிலுகிலுப்பைப் பாம்பு இருந்தால் சல்லடையாகிவிடும். பக்கத்தில் நிற்கிறவன் பூட்ஸில் நாலு கீறல் விழும், அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் மற்ற காரியங்களுக்கு ஈயக் குண்டு.

"ராய்ஸைச் சுட்ட தம்பி வெர்ன் சொல்றது என்ன?" என்றாள் டெல்மா.

"தண்ணித் தொட்டி வால்வைத் திறக்க அண்ணன் குந்தினானாம். மூடியைத் தூக்கினதும் பாம்பு அவன் பூட்ஸ்மேல ஏறிச்சாம். இவன் பாம்பைச் சுட்டானாம்." ஷெரீஃப் பேனாவை மேஜையில் போட்டார். "நம்புறேன்னு வச்சுக்கோ. பாம்பைச் சுடுறவன் துப்பாக்கியில முதல்ல பாம்புத் தோட்டாதானே வரணும்? ஈயக் குண்டு ஏன் வந்துச்சு? உருளையைத் திறந்து கையால திருப்பி வச்சாத்தான் வரும். செத்த பாம்பும் கிடைக்கல. நிலத்தை வித்துடலாம்னு ராய்ஸ், விக்க விடமாட்டேன்னு வெர்ன்... ரெண்டு பேரும் முதல்நாள் பெட்ரோல் பங்குல போட்ட சண்டை ஊருக்கே தெரியும். நாளைக்குக் காலைல கோர்ட்ல அவனே குத்தத்தை ஒத்துக்கப் போறான். இதுல நீ துப்பறிய என்ன இருக்கு?"

"துப்பாக்கியை யாரு லோட் பண்ணதாம்?"

"அவனேதான்னு சொல்றான்."

சிறை அறை அந்தக் கூடத்தின் கோடியிலேயே இருந்தது. வெர்ன் ஸ்ட்ராட் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயது, ஆள் வாட்டசாட்டம். நெற்றியில் தொப்பி போட்டுப் போட்டு விழுந்த வெள்ளைக் கோடு. தொப்பி இல்லாமல் அவனைப் பார்க்க நெஸ்டருக்கு என்னவோ போலிருந்தது.

"வெர்ன், உருளையில வழக்கமா எத்தனை போடுவே?" டெல்மா கேட்டாள்.

"ஆறும்தான். ஒண்ணைக் காலியா விட நான் என்ன..." பேச்சு பாதியில் நின்றது. முகம் வெளிறியது. "அன்னிக்கு அஞ்சுதான் போட்டேன்."

"ஏன்?"

"போட்டேன், அவ்வளவுதான். போங்க டெல்மா." அவன் எழுந்து கம்பியருகே வந்தான். குரலைத் தாழ்த்தினான். "அப்பாகிட்ட இதைப் பத்திப் பேசாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். ஒரு பிள்ளை போனதே அவருக்குப் போதும்."

வெளியே வந்ததும் நெஸ்டர் தலையைச் சொறிந்தான். "பாஸ், ஜெயிலுக்குப் போக இப்படி அடம்பிடிக்கிறவனை நான் பார்த்ததே இல்ல. உள்ள சாப்பாடு அவ்வளவு நல்லாவா இருக்கு?"

"பசிக்குதுன்னு நேரா சொல்லேன்யா."

எதிர்த்த சாப்பாட்டுக் கடையில் நெஸ்டர் முன்னால் வட்டத் தட்டு வந்து உட்கார்ந்தது. அவன் கரண்டியை எடுப்பதற்குள் டெல்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து, எல்லாவற்றையும் நடுவில் ஒதுக்கி, ஓரத்தைச் சுத்தமாக்கினாள்.

"என் சாப்பாட்டை விசாரணைக்கு எடுத்துக்காதீங்க பாஸ். அது வாக்குமூலம் தராது."

"தரும், பாரு. மேல காலி அறை." தட்டின் உச்சியில் ஒன்றும் வைக்கவில்லை. அதற்கு இடப்பக்கம் இரண்டு பச்சை மிளகாய்த் துண்டு வைத்தாள். வலப்பக்கமாகச் சுற்றிவர மூன்று பீன்ஸ் கொட்டை வைத்தாள். "மிளகாய் பாம்புத் தோட்டா. கொட்டை ஈயக் குண்டு. விசையை இழுத்தா உருளை ஒரு அறை சுத்தும். உச்சிக்கு வர்றது வெடிக்கும். அந்தக் காலத்துத் துப்பாக்கி எல்லாம் வலப்பக்கம் சுத்தும்."

தட்டை வலப்பக்கம் திருப்பினாள். மிளகாய் உச்சிக்கு வந்தது. இன்னொரு திருப்பு, இன்னொரு மிளகாய்.

"பாம்பு செத்தது," என்றான் நெஸ்டர்.

"வெர்ன் இந்த வருஷம்தான் புதுசு வாங்கினான். அது இடப்பக்கம் சுத்துற ரகம்." தட்டைப் பழையபடி வைத்து இடப்பக்கம் திருப்பினாள். உச்சிக்கு வந்தது பீன்ஸ் கொட்டை. அடுத்தும் கொட்டை. அதற்கடுத்தும் கொட்டை. அப்புறம்தான் மிளகாய், மிளகாய், கடைசியில் காலி.

நெஸ்டர் வாயைப் பிளந்தான். "ஷெரீஃப் சொன்ன அதே வரிசை! அப்போ உருளையை யாரும் திருப்பி வைக்கல."

"வைக்கல. போட்டவன் சரியாத்தான் போட்டான். வேற துப்பாக்கிக்குப் போடுற மாதிரி போட்டுட்டான். அந்தக் காலி அறைதான் கையெழுத்து. பழைய துப்பாக்கி கீழ விழுந்தா தானா வெடிக்கும், அதனால அப்ப எல்லாம் உச்சி அறையைக் காலியா விடுவாங்க. இப்ப அந்தத் தொல்லையே கிடையாது. வெர்ன் ஆறும் போடுற ஆளு. இது பழைய கை."

"அந்த வீட்டுல பழைய கை யாரு..." நெஸ்டர் தட்டுப் பக்கம் நீட்டிய கரண்டியை நிறுத்தினான். "பாஸ், நம்மளை வேலைக்குக் கூப்பிட்டதே அவர்தானே?"

ஆர்வில் ஸ்ட்ராட். செத்தவனுக்கும் சிறையில் இருக்கிறவனுக்கும் அப்பா. எண்பதைத் தாண்டிய கிழவர். என் சின்ன மகன் கொலைகாரன் இல்லை, அதை நிரூபித்துக் கொடு என்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு டெல்மாவின் வாசலில் வந்து நின்றவர்.

"அதான் வெர்ன் வாயைத் திறக்கல," என்றாள் டெல்மா. "சுட்டதும் உருளையைத் திறந்து பாத்திருப்பான். காலி அறையைப் பாத்ததும் அவனுக்கு விளங்கியிருக்கும்."

தட்டு இருவருக்கும் நடுவில் ஆறிக்கொண்டிருந்தது. நெஸ்டருக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"என்ன பண்ணப் போறோம் பாஸ்?"

"கிழவர்கிட்ட ஒண்ணும் சொல்லாம ஊருக்குக் கூட்டிட்டு வர்றோம். ஷெரீஃப் கண் முன்னால அந்த ரகத் துப்பாக்கி ஒண்ணை அவர் கையில கொடுத்து, லோட் பண்ணுங்கன்னு சொல்றோம். விஷயம் தெரியாம அவர் கை போடுற வரிசைதான் சாட்சி. முன்கூட்டியே தெரிஞ்சுட்டா அது சாட்சியே இல்ல, மகனைக் காப்பாத்த அப்பன் ஆடுற நாடகம்." அவள் விரலை நீட்டினாள். "அதனால நீ அங்க வாயைத் தைச்சுக்கோ. அவருக்குப் பின்னாடி தெரியத்தான் போகுது. அப்ப நானே சொல்றேன். அது என் தலையெழுத்து."

பண்ணைக்குப் போகும் மண்பாதையில் கருவேல முள் இரண்டு பக்கமும் வண்டியைக் கீறியது. கிழவர் வீட்டில் இல்லை. தீவனக் கொட்டகையிலிருந்து டப் என்று ஒரு சத்தம் வந்தது. நெஸ்டர் டெல்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"எலிம்மா, எலி!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "மூட்டை மூட்டையாத் தின்னு தீர்க்குது. உள்ள வாங்க."

கொட்டகையின் தகரச் சுவர் முழுக்க ரவை பட்டு அம்மைத் தழும்பாக இருந்தது. ஆர்வில் ஸ்ட்ராட் ஒரு செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே எறிந்தார். இடுப்பில் தேய்ந்த தோலுறை, கையில் அவரைவிடக் கொஞ்சமே இளையதான ஒரு ரிவால்வர். வந்தவர்களுக்குத் தலையசைத்துவிட்டு, பேசிக்கொண்டே வெடித்த தோட்டாவைத் தட்டிவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு நீல மூக்கை எடுத்துப் போட்டார். அவர் கண் துப்பாக்கியில் இல்லை, டெல்மாவின் முகத்தில் இருந்தது. கை மட்டும் தானாக வேலை செய்தது. உச்சி அறையைக் காலியாக விட்டு, இடப்பக்கம் இரண்டு நீலம் இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்து, மூடி உறையில் போட்டது.

நெஸ்டர் பார்த்துவிட்டான். டெல்மாவும் பார்த்துவிட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"ஏதாவது வழி கிடைச்சுதா டெல்மா?" கிழவர் கேட்டார். "ராத்திரி எல்லாம் தூக்கமே இல்ல. ராய்ஸைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல. இவனையும் கொண்டு போயிட்டாங்கன்னா இந்த வீட்டுல நான் யாருக்குக் காபி போடுறது?"

"எங்க கூட ஊருக்கு ஒரு நடை வாங்க ஆர்வில். ஷெரீஃப் ஆபீஸ் வரைக்கும்."

"இப்பவா? எதுக்கு?"

டெல்மா வாய் திறந்தாள். பொய் சொல்லிப் பழகாதவள், சட்டென்று ஒன்றும் வரவில்லை. கொட்டகையில் மௌனம் விழுந்தது. நெஸ்டருக்கு உலகத்தில் ஆகாதது அது ஒன்றுதான். களத்தில் ஒருவன் விழுந்துகிடக்க, கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது குதித்து ஓடிப் பழகிய கால் அவனுடையது. நாக்கும் அப்படித்தான்.

"ஒண்ணுமில்ல பெரியவரே! நீங்க லோட் பண்ற அழகை ஷெரீஃப் பார்க்கணுமாம். ஆறு அறை கட்டிட்டு ஒண்ணுக்கு மட்டும் ஆள் வைக்காம பூட்டி வச்சிருக்கீங்களே, அந்த ரகசியம் என்னன்னு..."

டெல்மாவின் கை அவன் முழங்கையைப் பிடித்தது. பிடித்த பிடியில் மிச்ச வார்த்தை தொண்டையிலேயே நின்றது. ஆனால் போனது போனதுதான்.

கிழவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. உறையிலிருந்த துப்பாக்கியைக் குனிந்து பார்த்தார்.

"வெர்ன் துப்பாக்கியில... ஒரு அறை காலியா இருந்ததா?"

கிழவர் டெல்மாவின் பக்கம் திரும்பினார்.

"டெல்மா, உன்னைத்தான் கேக்கிறேன். அந்தப் புதுத் துப்பாக்கி எந்தப் பக்கம் சுத்தும்?"

டெல்மா தொப்பியைக் கழற்றினாள். "இடப்பக்கம், ஆர்வில்."

அவர் தீவன மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அன்னிக்குக் காலைல வாசப்படியில ஒரு பாம்பைப் பாத்தேன். இந்த வருஷத்து முதல் பாம்பு. முதல் பாம்பைப் பாத்த அன்னிக்கு வீட்டுல இருக்கிற எல்லாத் துப்பாக்கியையும் நானே எண்ணெய் போட்டு நானே நிரப்புவேன். பசங்க சின்னதா இருந்தப்ப இருந்து அப்படித்தான். வெர்ன் மேஜைமேல வச்சிட்டுக் குளிக்கப் போயிருந்தான். நான்தான்... நான்தான் அன்பா..." அவர் தன் வலது கையைப் பார்த்தார். "ராய்ஸ் கால்ல ஏறின பாம்புக்குன்னு நான் போட்டது ராய்ஸுக்கே போயிடுச்சா?"

நெஸ்டருக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றிருந்தது. டெல்மா கிழவரின் தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"வண்டியை எடுங்க. என் பிள்ளையை வெளிய கொண்டு வரணும்."

ஷெரீஃப் ஹேட்லி கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை. கெட்டவராக இருந்திருந்தால் நெஸ்டர் திட்டியாவது ஆறுதல் தேடியிருப்பான். அவர் கிழவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"இந்தப் பக்கம் சுத்துற கதையெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது ஆர்வில்?"

கிழவருக்கும் பொய் வராது. "இந்தத் தம்பி பேச ஆரம்பிச்சான். டெல்மா சொல்லி முடிச்சா."

ஷெரீஃப் டெல்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. "எந்த அப்பனும் இதைத்தான் சொல்வான். என் பையன் உள்ள இருந்தா நானும் சொல்வேன்."

"கொட்டகையில அவர் நிரப்பினதை நாங்க ரெண்டு பேரும் கண்ணால பாத்தோம்," என்றாள் டெல்மா.

"நீங்க அவர் வேலைக்கு வச்ச ஆளுங்க. கோர்ட்ல முதல் கேள்வியே அதுதான்."

"சரி, அவர் கையால நிரப்பட்டும். நீயே பாரு. கொட்டகையில அவர் யோசிக்கக்கூட இல்ல, ஹேட்லி. கைக்கு ஒரு பழக்கம் இருக்கு, அது பொய் சொல்லாது."

ஷெரீஃப் தயங்கினார். பிறகு தன் ரிவால்வரையே உருவி, தோட்டாவை எல்லாம் கொட்டி, கிழவர் முன்னால் வைத்தார். "என்னோடதும் அதே ரகம்தான். இடப்பக்கம் சுத்தும்." இழுப்பறையிலிருந்து இரண்டு நீல மூக்கை எடுத்து அதோடு வைத்தார்.

நெஸ்டர் மனசுக்குள்ளேயே அவரோடு பேசினான். நல்ல கை பெரியவரே, உங்க கை. எண்பது வருஷத்துக் கை. அதை அதன் போக்கில் விடுங்க, அது போதும்.

ஆர்வில் நீல மூக்கு ஒன்றை எடுத்தார். விரல் இடப்பக்க அறையை நோக்கிப் போனது. அறை வாசலில் நின்றது. கிழவரின் உதடு எதையோ முணுமுணுத்தது. பிறகு அந்தக் கை, மெல்ல, யாரோ பிடித்து நடத்திப் போவதுபோல வலப்பக்கம் போய் அங்கே தோட்டாவை வைத்தது. அடுத்த நீலமும் வலப்பக்கம். மற்ற அறைகளில் ஈயக் குண்டு. உச்சி அறையையும் விடவில்லை.

ஆறும் நிறைந்தது. அவர் உருளையை மூடினார். அப்போதுதான் என்ன செய்தோம் என்பது அவருக்கே தெரிந்தது.

வெர்னைக் காப்பாற்ற வேண்டுமானால் அன்று போலவே தப்பாகப் போட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று காலை எப்படிப் போட்டிருந்தால் ராய்ஸ் இன்று உயிரோடு இருப்பானோ, கை அப்படித்தான் போட்டது. தெரிந்துகொண்டே மறுபடியும் அந்தக் குண்டைப் பெரிய மகனுக்கு எடுத்து வைக்க அதனால் முடியவில்லை.

ஷெரீஃப் உருளையைத் திறந்து பார்த்தார். "பாம்புத் தோட்டாதான் முதல்ல வருது ஆர்வில். ஆறு அறையும் நிறைஞ்சிருக்கு. நீங்க சரியாத்தான் போடுறீங்க."

"இல்ல. இல்ல, அன்னிக்கு இப்படிப் போடல. திரும்பக் கொடு. இன்னொரு தடவை, ஹேட்லி, இன்னும் ஒரே ஒரு தடவை..."

கொடுத்தார். இந்தத் தடவை தோட்டா விரலில் நிற்கவே இல்லை. ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து உருண்டது. நெஸ்டர் மண்டிபோட்டுப் பொறுக்கிக் கொடுத்தான், மறுபடி விழுந்தது, மறுபடி பொறுக்கினான். கூடத்தின் கோடியிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, போதும்!"

வெர்ன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். "ஷெரீஃப், அப்பா சரியாத்தான் போட்டு வச்சிருந்தார். அவர் எப்பவும் சரியாத்தான் போடுவார். நான்தான் உருளையைத் திருப்பி வச்சேன். நாளைக்குக் கோர்ட்லயும் அதைத்தான் சொல்லப் போறேன். அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"டேய் வெர்ன், பொய் சொல்லாதடா..."

"சாப்பிட்டீங்களாப்பா?" என்றான் வெர்ன். "பீன்ஸ் ஊற வச்சிருந்தேன். அடுப்புக்குப் பக்கத்துல இருக்கும், கெட்டுப் போயிருந்தாக் கொட்டிடுங்க."

கிழவர் கம்பிக்குள் கையை விட்டு மகனின் சட்டையைப் பிடித்தார். ஷெரீஃப் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் கையை விடுவிக்க டெல்மாவும் நெஸ்டரும் இரண்டு பேருமாகச் சேர வேண்டியிருந்தது.

அவரை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தியபின் நெஸ்டர் வெளியே நின்று கேட்டான். "பாஸ், அவருக்குத்தான் தெரிஞ்சுடுச்சே. வெர்ன் இன்னும் ஏன் பிடிவாதம் பிடிக்கிறான்?"

"அப்பா தப்பாப் போடலைன்னு அவன் சொல்ற வரைக்கும் கிழவர் மனசுல ஒரு சந்தேகமாவது மிச்சம் இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு அவர் மிச்ச நாளை ஓட்டலாம். அந்த ஒண்ணைத்தான் அவனால கொடுக்க முடிஞ்சது." டெல்மா சாவியை எடுத்தாள். "நாம கண்டுபிடிச்சோம்யா. சரியாத்தான் கண்டுபிடிச்சோம். என்ன பிரயோஜனம்?"

"என்னாலதான் பாஸ்."

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி ஊரைத் தாண்டியது. மேற்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் ஒரே சீட்டில், நடுவில் கிழவர். பண்ணை வேலி கண்ணில் பட்டதும் அவர் நெஸ்டர் பக்கம் திரும்பினார்.

"தம்பி."

"சொல்லுங்க பெரியவரே."

"அந்தப் புதுத் துப்பாக்கி எந்தப் பக்கம் சுத்தும்னு சொன்னீங்க? எனக்கு ஞாபகம் குழம்புது."

நெஸ்டர் டெல்மாவைப் பார்த்தான். அவள் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. களத்தில் விழுந்து கிடக்கிறவனுக்கும் காளைக்கும் நடுவில் குதிக்கும் வேலையை அவன் இன்னொரு முறை செய்தான். இந்த முறை காளை எங்கே நிற்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"வலப்பக்கம்தான் பெரியவரே. பழசு மாதிரியேதான். நாங்கதான் தப்பாச் சொல்லிட்டோம்."

கிழவர் தலையை ஆட்டினார். "அப்போ நான் சரியாத்தான் போட்டிருக்கேன்."

"சரியாத்தான் போட்டிருக்கீங்க."

"ம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. முழங்கால்மேல் கிடந்த அவர் விரல் மட்டும் ஒரு வட்டம் போட்டுக்கொண்டே வந்தது, இடப்பக்கமாக.